எண்ணூறு கிராம்

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு யாரும் நாசூக்காகக் கேட்கவேண்டாம்:
ஆயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி.
ஒரு வார்ப்பிரும்புச் சட்டிக்கு.

மிட் வேலியில் கண்ணாடிக்குள்
நகைபோல விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.
கடைப் பையன் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்தான்.
வெறுங்கையால் தடவினேன்.
மழை நின்றதும் கார் பானெட்டைத் தொட்டது போல
வழவழ, குளிர்ச்சி.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று உண்டு.
சௌகிட் இரும்புக்கடையில் நாற்பத்தைந்து சொன்னதை
லோகேஸ்வரன் நாற்பத்திரண்டுக்கு முடித்தான்.
உள்பக்கம் தார்ச்சாலை.
எண்ணெய் காயும்வரை பொறுத்தால்
அதிலும் முட்டை ஒட்டாது.
பொறுக்காவிட்டால் இரண்டிலும் ஒட்டும்,
இதையும் சோதித்தாயிற்று.

என் வேலை, தீப்பிடித்த வீடுகளுக்குப் போவது.
காப்புறுதிப் படிவம், பேனா, முகமூடி.
எரிந்ததற்கெல்லாம் வாங்கிய ஆண்டைக் கேட்டு
தேய்மானம் கழித்து
மிச்சத்தை வெள்ளியில் எழுதுவேன்.
செத்தாப்பாக்கில் ஏழாவது மாடி.
பிரிட்ஜின் கதவு உருகித் தரையில் வழிந்திருந்தது.
அலுமினியப் பானைகள் இருந்த இடத்தில்
காய்ந்த பால் போல ஒரு கறை.
சாம்பலைக் காலால் தள்ளினால், ஒரு சட்டி.
பார்த்ததும் தெரிந்துவிட்டது, சௌகிட் ரகம்.
வீட்டுக்காரி குமுதவல்லி அதை நைட்டியில் துடைத்து,
"இதுக்கு எவ்வளவு தருவீங்க?" என்றாள்.
சேதமில்லை என்று எழுதினேன்.
அவள் முகம் விழுந்துவிட்டது.
ஒன்றும் ஆகாத பொருளுக்கு
ஒன்றும் கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்தவள்
ஏன் கார்டை நீட்டினாய்?
லோகேஸ் வாய்திறந்து கேட்கவில்லை.
பெட்ரோல் கணக்கை மட்டும்
சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்தான்.

வலது மணிக்கட்டு. அவ்வளவுதான்.
மார்ச்சில் கீறித் தைத்தார்கள்.
சௌகிட் சட்டி இரண்டு கிலோ நானூறு,
காய்கறி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன்.
புதியது ஒன்று அறுநூறு.
வார்த்த பிறகு சீவியிருக்கிறார்கள்,
சீவி, தேய்த்து, மறுபடி சீவி.
ஆக, நான் பணம் கொடுத்தது இரும்புக்கு அல்ல.
அதிலிருந்து போய்விட்ட இரும்புக்கு.
எண்ணூறு கிராம் இன்மை,
கிராம் ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி.

ஒரு சனிக்கிழமை இரண்டிலும் கெம்போங் மீன் பொரித்தேன்.
அதே மஞ்சள், அதே மிளகாய்த்தூள்.
லோகேஸ் கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.
"இதுதான் உன்னுடையது, சந்தேகமே இல்லை" என்று
சௌகிட்டைக் காட்டினான்.
நான் திருத்தவில்லை.
மலாக்கா போய் மூன்றுநாள் கழித்து வந்தபோது
சிங்க்கில் இரண்டும் ஒரே நிறத்தில் துருப்பிடித்திருந்தன.
தேய்த்தது நான். எண்ணெய் பூசியது அவன்.

உத்தரவாதம் வாழ்நாளுக்காம்.
யாருடைய வாழ்நாள் என்று அட்டையில் போடவில்லை,
ரசீது அவசியம் என்று போட்டிருக்கிறது.
இழுப்பறையைக் கிளறினேன்.
அடுப்புச் சூட்டில் தாள் வெளுத்து
எழுத்தெல்லாம் போய்விட்டது.
கடைசி மூலையில் மட்டும்
40.00.

அதைத்தான் நாத்தனார் யோகமலரிடம் காட்டினேன்.
பொய் சொல்லவில்லை, தாளை நீட்டினேன்.
அவள் சட்டியை ஒற்றைக் கையில் தூக்கி
மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள்.
"என்ன அண்ணி இவ்வளவு லேசா இருக்கு?
நாற்பதுன்னா சும்மாவா,
மட்டமான இரும்பு."